மேகம் மறைத்த மேய்ச்சல்

காட்டை அளக்கிற ஆபீசில் எனக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. காட்டை எதற்கு அளக்க வேண்டும், அது என்ன எழுந்து ஓடியா போகிறது என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்கிறாள். ஓடித்தான் போகிறது. போன முறை மரமாக இருந்த இடம் இந்த முறை தோட்டமாக இருக்கும். சதுப்பாக இருந்தது வெடித்த களிமண்ணாகக் கிடக்கும். பாதுகாக்கப்பட்ட காடு என்று பலகை நட்டுவிட்டால் மட்டும் காடு சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்காது. அதனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்து, எங்கே என்ன மாறியிருக்கிறது என்று கணக்கெடுப்பார்கள்.

வானத்துப் படத்தில் எல்லாம் வெறும் நிறம்தான். காய்ந்த புல்லும் மொட்டை மண்ணும் மேலிருந்து பார்த்தால் ஒரே பழுப்பு. எது என்னவென்று யாராவது ஒரு ஆள் அங்கே போய் நின்று சொல்ல வேண்டும்: இது புல், இது புதர், இது புதிதாக வெட்டின நிலம். அப்படிச் சொல்கிற ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது மிச்சத்துக்கு நிறம் பூசிக்கொள்ளும். நாள் முழுக்கப் புள்ளி எடுக்கிறவனுக்கு எங்கள் ஆபீசில் பெயரே புள்ளி என்றாகிவிட்டது. கெட்டிக்காரப் பையன். பாறையில் ஏறினால் ஆடு தோற்கும், பேச ஆரம்பித்தால் ரேடியோ தோற்கும்.

புள்ளி பிறந்து வளர்ந்த வீடு காட்டு எல்லைக்கு உள்ளேயே இருந்தது. கல் சுவர், தகரக் கூரை, மூன்று அறை. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, வீட்டைவிடப் பெரியது. நல்ல தகரமெல்லாம் கொட்டகைக்குப் போய், ஒழுகுகிற தகரம் வீட்டுக்கு வந்திருந்தது. "நாங்க நனைஞ்சா துடைச்சுக்குவோம். மாடு நனைஞ்சா பாலுல தெரியும்" என்பாள் அக்கா.

அக்கா என்று நான் சொல்வது புள்ளியின் அண்ணியை. அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது புள்ளி மூக்கு ஒழுகுகிற பிள்ளை. மாமியார் இல்லாத வீடு. அவனைக் குளிப்பாட்டியதும், ஓடைப் பாலம் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், பரீட்சைக்குப் போக மாட்டேன் என்று கொட்டகையில் ஒளிந்தவனைக் காதைப் பிடித்து இழுத்துப் போனதும் அவள்தான். அவனுக்குக் கல்யாணமாகி, எல்லைக்கு வெளியே ரோட்டோரம் தனி வீடு பார்த்துப் போன பிறகும், வெண்ணெய் கடைந்தால் அவன் பங்கு தனிக் கிண்ணத்தில் போகும். தனக்கென்று பிள்ளை இல்லாதது ஒரு குறையாக அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். தடித்த ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, நறுக்கின வெங்காயம். அக்கா பால் கேனைத் தேய்த்துக்கொண்டே எங்களைக் கிண்டல் செய்வாள்.

"காட்ட அளக்குறீங்க, மேட்ட அளக்குறீங்க. என் மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு சாணி போடுதுன்னு யாராச்சும் அளந்தீங்களா? அத அள்ளுறவளுக்குத்தான் தெரியும்."

"அதுக்கும் ஒரு புள்ளி போட்டுறலாம் அண்ணி" என்பான் புள்ளி, வாய் நிறைய ரொட்டியோடு.

"போடு போடு. முதல்ல மென்னு முழுங்கு."

அவள் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பேசவே மாட்டார். மாட்டோடு இருந்து இருந்து மாட்டின் குணமே வந்துவிட்டது என்று அவள் சொல்வாள். சாந்தமான மனுஷர். சாந்தமான மனுஷர்களை நம்பலாம் என்று அப்போது நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் காட்டுக்குள் இருப்பதற்கு ஒரு பழைய அனுமதி இருந்தது. ஓடைக்கரையில் ஒரு மேய்ச்சல், அதை ஒட்டி ஒரு வீடு. மேய்ச்சலைக் கூட்டக் கூடாது, உழக் கூடாது, ஒரு மரத்தையும் தொடக் கூடாது. தொட்டால் அனுமதி ரத்து. வெளியே பெரிய ரோட்டுப் பக்கம் அரசாங்கம் கட்டி வைத்திருக்கிற அடுக்குவீட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டாம் மாடியில் எருமைக்கு இடமில்லை என்பதைச் சொல்லவா வேண்டும்.

அந்த வருஷக் கோடைக் கடைசியில் புது வரைபடம் தயாரானது. எல்லைக்குள் இருக்கிற குடும்பங்களைக் கூப்பிட்டு ஆபீஸ் முன்கூடத்தில் காட்டினார்கள். சுவர் முழுக்க வரைபடம். பச்சையென்றால் காடு, மஞ்சளென்றால் பழைய புல்வெளி, சிவப்பென்றால் புதிதாக வெட்டினது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் படபடவென்று அடித்தது. புள்ளி அதை ஒரு கையால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வரைபடம் போடுகிற மேடம் வேலையில் சுத்தமானவர். ஒருவருக்குப் பாரபட்சம் காட்டினார் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் முறை வந்ததும், ஆமாம், அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவன் நான், அது எனக்கும் எங்கள் முறைதான், ஒரு குச்சியால் ஓடையைத் தொட்டுக் காட்டினார்.

"பழைய படத்துல இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் மூடியிருக்கு. கீழ என்ன இருந்துச்சுன்னு தெரியல. இப்போ பாத்தா ஓடைக்கு இந்தக் கரையில ஒண்ணு, அந்தக் கரையில ஒண்ணு, ரெண்டு வெட்டவெளி தெரியுது. உங்களுக்கு அனுமதி ஒண்ணுக்குத்தான். அதுலயும் வெறும் ஓடைக்கரைன்னுதான் எழுதியிருக்கு, எந்தக் கரைன்னு இல்ல. மேகம் மறைச்ச இடத்துக்கு நேர்ல போய்ப் பாத்து எழுதினதுதான் சாட்சி. அதுல அக்கரை பழைய மேய்ச்சல்னும், உங்க வீட்டுப் பக்கம் இருக்கறது புதுசா மரம் வெட்டினதுன்னும் பதிவாயிருக்கு."

வீட்டை ஒட்டி அகலமாக ஒரு சிவப்பு. அக்கா கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ஐயோ, மாத்திப் பூசிட்டீங்கம்மா. எங்க வீட்டுப் பக்கந்தான் பழைய மேய்ச்சல். நான் வந்த நாள்லேருந்து மாடு அங்கதான் மேயுது. அக்கரையில ஏது வெட்டவெளி? அங்க ஒத்தை ஆள் நுழைய முடியாத காடில்ல இருக்கு."

"நீங்க கடைசியா எப்ப அக்கரைக்குப் போனீங்க?"

"அங்க எனக்கு என்ன வேலை? சரி, என்ன எதுக்குக் கேக்குறீங்க? பக்கத்துல நிக்கிறான் பாருங்க, அவனக் கேளுங்க. அவன் அந்தப் புல்லுல புரண்டு வளந்தவன். டேய், சொல்லுடா."

கூடத்தில் இருந்த எல்லாத் தலையும் புள்ளியைப் பார்த்தது. அவன் வரைபடத்தைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டான்.

"சிக்னல் இல்லாத இடம் அண்ணி... மிஷின் காட்டினதத்தான் போட்டேன். பாக்கணும்."

"என்னத்தடா பாக்கணும்? ஆமாம்னு சொல்ல வேண்டியதுதான?"

அதற்குள் அண்ணன் எழுந்து வந்து அவள் முழங்கையைத் தொட்டார். "விடு. வா போகலாம்."

"விடுறதா? நம்ம வீட்டு மேல சிவப்பு பூசியிருக்காங்க, விடுன்றீங்க?"

மறுபார்வை வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், மழைக்காலம் விட்டதும் வந்து பார்க்கிறேன் என்று மேடம் சொல்லி, அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது யாரோ ஒரு கிழவர், "வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கே" என்று முனகினார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "என் கொழுந்தனச் சொல்லாதீங்க. அவன் என்ன செய்வான், மிஷின் கோளாறு" என்றாள்.

அன்று அவர்களை நான்தான் ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன். புள்ளியும் வந்தான். வீடு சேர்ந்ததும் அக்கா கை கால் கழுவிவிட்டு மாவு பிசைய உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மாவுதான். அன்றைக்கு அந்த மாவு பட்ட அடிக்கு அது வாய் விட்டு அழுதிருக்க வேண்டும். வெளியே புழுக்கம். ஈக்கள் பால் கேனைச் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ நின்னு பாத்த இடந்தான? அப்புறம் எப்படிச் சிவப்பு வந்துச்சு?"

"கம்ப்யூட்டர் குழப்பியிருக்கும் அண்ணி. பள்ளத்துல புள்ளி அதுவா தள்ளிப் போயிரும். சில சமயம் நாம கையால நகத்தி வைக்கணும்."

"அப்ப இதையும் நகத்தி வை."

"முடிஞ்சு போனதுல நான் கைவைக்க முடியாது."

"மறுபார்வைக்கு எழுதிக் குடுன்னாங்கல்ல. உக்காரு, எழுது. நான் சொல்றேன்."

புள்ளி தரையைப் பார்த்தான். "நான் எழுதினா சொந்தக்காரங்களுக்காக எழுதினேன்னு வேலையவிட்டுத் தூக்கிருவாங்க."

"அவன் வேலைக்கு ஒல வைக்காத" என்றார் அண்ணன், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவின் கை மாவில் நின்றது. உண்மையிலேயே வெட்கப்பட்டுவிட்டாள். "அய்யோ, நான் அப்படி யோசிக்கலடா. சரி, நீ எழுத வேணாம். நீ இதுல வராத. வேற வழி பாப்போம்."

"குடுக்குற வீட்டுல கரண்டு இருக்கு, குழாய்த் தண்ணி இருக்கு" என்று அண்ணன் சொன்னார். அவர் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசியதே எனக்கு அதிசயமாக இருந்தது. "வயசாகுது. எத்தன நாளைக்கு நீயும் சாணி அள்ளுவ?"

"மாட்ட எங்க கட்டுறது, கட்டில் கால்லயா?"

"வித்துறலாம்."

நான்கு எருமை, இரண்டு பசு, ஒரு கன்று. அதில் மூத்த எருமைக்குக் கண் தெரியாது. அவள் குரலைக் கேட்டு நடக்கும். விற்றுவிடலாம் என்ற சொல்லைக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று எனக்கே சுருக்கென்றது. அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ரொட்டி சுட்டாள். முதல் ரொட்டியைப் புள்ளி தட்டில்தான் போட்டாள், வெண்ணெயோடு. அவன் அதைத் தின்றான். இப்போது நினைத்தால், அந்த ரொட்டி அவன் தொண்டையில் எப்படி இறங்கியது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

நான் கிளம்பும்போது அக்கா ஜீப்வரைக்கும் வந்தாள். "தம்பி, நீங்க மேடத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அவங்கள நேர்ல வந்து ஒரே ஒரு தடவ அந்தப் புல்லுல நிக்கச் சொல்லுங்க. நின்னுட்டா தெரிஞ்சிரும். நான் சொன்னேன்னு இவங்ககிட்டச் சொல்லாதீங்க, அவருக்கு வம்பு புடிக்காது."

நான் சொன்னேன். மேடம் மறுபேச்சுப் பேசாமல் எழுதி வைத்துக்கொண்டார்.

மழை வந்தது. வந்த மழை அந்த வருஷம் போக மனமில்லாமல் பெய்தது. பாதையெல்லாம் சேறு. ஜீப் இரண்டு தடவை பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. அது விட்டு வெயில் முகம் காட்டிய ஒரு காலையில் மேடத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். புள்ளிக்குக் காய்ச்சலாம், வரவில்லை என்று ஆள் விட்டிருந்தான். மழைக் காலத்தில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேய்ச்சல் முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. முழங்கால் உயரம் புல். அதன் நடுவே எருமைகள் சேற்று முதுகோடு மேய்ந்துகொண்டிருந்தன. அக்கா நல்ல உடுப்பு உடுத்தி, தலை வாரி, வீட்டு வாசலிலேயே காத்து நின்றாள். விருந்தாளியை வரவேற்கிற முகம். அண்ணன் பின்னால் நின்றார்.

"வாங்கம்மா. பாருங்க. இதப் போய் வெட்டின நிலம்னு எழுதலாமா? நீங்களே சொல்லுங்க."

மேடம் புல்லுக்குள் இறங்கி நடந்தார். குனிந்து புல்லை விலக்கி மண்ணைக் கிளறிப் பார்த்தார். கையிலிருந்த பலகை மாதிரியான மிஷினைத் தட்டி ஒரு போட்டோவை எடுத்தார்.

"புள்ளி எடுக்கும்போது நாலு திசையிலயும் போட்டோ எடுக்கணும். இந்த இடத்துக்கு ஏத்தியிருக்குற போட்டோ இது. கோடையில எடுத்தது. மரம் வெட்டின அடிக்கட்டை தெரியுது, எரிச்ச கரி தெரியுது. ஆனா இங்க ஒரு அடிக்கட்டையும் காணோமே. பெரியவரே, நீங்க சொல்லுங்க. இந்தப் போட்டோ இங்க எடுத்ததா?"

அண்ணன் போட்டோவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"இங்க எடுத்ததுதான்" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"அப்போ அடிக்கட்டையெல்லாம்?"

"வேரோட புடுங்கி ஓடையில விட்டுட்டோம். மழையில புல்லு மூடிருச்சு. மரம் வெட்டுனது நாந்தான். மாட்டுக்கு எடம் பத்தல."

"என்ன சொல்றீங்க?" என்றாள் அக்கா. "என்னங்க, என்ன சொல்றீங்க? எந்த மரம்? எங்க மரம் இருந்துச்சு இங்க?"

"நீ மறந்துட்ட" என்றார் அண்ணன்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் புல்லை மிதித்தவளைப் பார்த்து, நீ மறந்துவிட்டாய் என்று சொன்னார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்" என்று மிஷினை அக்கா பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, மண் எடுக்கிற பையோடு மேய்ச்சலின் அந்த ஓரத்துக்கு நடந்தார்.

அக்கா மிஷினைக் கையில் எடுத்தாள். வெயிலில் கண்ணாடி மின்னியது. உடம்பால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். கரிந்த சரிவு, அடிக்கட்டைகள், மூலையில் சாய்ந்த ஒரு பாறை. முன்னால் ஒரு கட்டையில் கோடாலி ஒன்று குத்தி நின்றது. அதன் பிடியில் நீலக் கயிறு சுற்றியிருந்தது.

"இது நம்ம கோடாலி" என்றாள். "கைப்பிடி வெடிச்சிருச்சுன்னு நான் சுத்துன கயிறு. ஓடையில போயிருச்சுன்னு சொன்னீங்களே."

அண்ணன் மேடம் போன திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பாறை அக்கரையிலல்ல இருக்கு, நம்ம வாசல்லேருந்தே அதோட தலை தெரியுமே. அக்கரையில யாரு வெட்டுனது? அவனா?"

"கத்தாத. அவங்க காதுல விழும்."

"நீங்களும் கூடப் போய் வெட்டுனீங்களா?"

"அவன் ஏற்கெனவே பாதி வெட்டிட்டான். கெழங்கு போடணும்னான். ரோட்டோர வீட்டுல ஒரு செடி வைக்க இடமில்ல அவனுக்கு. பாதியில விட்டா கண்ணுக்குத் தெரியும்னு மீதிக்கு நான் கை குடுத்தேன். அப்புறம் வானத்துலேருந்து படம் வருதுன்னதும் பயந்துட்டான். கால்ல விழுந்து அழுதான். அதான் அங்க எடுத்த போட்டோவ இங்க எடுத்ததா ஏத்திட்டான். காட்டு ஆபீஸ்ல வேலை பாக்குறவன் காட்ட வெட்டுனா ஜெயிலு. நமக்கு அப்படியில்ல, அனுமதிதான் போகும். வேற வீடு தராங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரியுதுல்ல? நான் அந்தக் கூடத்துல எல்லார் முன்னாடியும் அவன சாட்சிக்குக் கூப்புட்டேனே. அவனுக்காக அந்தக் கெழவர்கிட்டப் பேசினேனே. அப்பயும் பக்கத்துல நின்னுகிட்டு வாய மூடிகிட்டுத்தான இருந்தீங்க? அன்னிக்கு ராவுல நான் அழுதப்ப முதுகத் தடவிக் குடுத்தீங்களே, அது எதுக்கு?"

"நீ தாங்கிக்குவன்னு நெனச்சோம்."

அக்கா அவரைப் பார்த்தாள்.

"நெனச்சோமா?" என்றாள். "யோவ், நெனச்சோமா? அண்ணனும் தம்பியும் உக்காந்து நெனச்சீங்களா? எங்க உக்காந்து நெனச்சீங்க? என் அடுப்படியிலயா? நான் ரொட்டி சுட்டுப் போடப் போட, இவ தாங்கிக்குவா, இவ தலையில வைப்போம்னு நெனச்சீங்களா?"

அவர் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கண் தெரியாத எருமை, அவள் குரல் உயர்ந்ததும் மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஜீப் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புள்ளி சின்னவன், பயந்தவன், ஏதோ புத்தி கெட்டுச் செய்துவிட்டான் என்று சொல்லலாம். இந்த மனுஷரை என்னவென்று சொல்வது? தம்பிக்காக வீட்டையே கொடுத்தார் என்று ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். கொடுத்தது யாருடைய வீடு? அதில் பாதிக்குமேல் அவள் உழைப்பு. அவளைக் கேட்காமல் அவளைச் சேர்த்துக் கொடுத்ததற்கு என்ன பெருமை வேண்டியிருக்கிறது?

மேடம் புல்லை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்.

"சரி. வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டதால நான் மேற்கொண்டு பாக்க ஒண்ணுமில்ல. பதிவு சரியா இருக்குன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா நான் கிளம்பிருவேன்."

அண்ணன் கையை நீட்டினார். பேனாவை வாங்கி அவர் போட்டும் விட்டார். பிறகு அவளிடம் நீட்டினார். அவர் முகத்தில் கெஞ்சல் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா பேனாவை வாங்கவில்லை. அந்தப் பச்சையைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். அவளுக்குள் என்ன ஓடியதோ. வாயைத் திறந்தால் வளர்த்த பிள்ளை ஜெயிலுக்குப் போவான். திறக்காவிட்டால் எல்லாம் போகும், அதோடு மரம் வெட்டினவள் என்ற பெயரும் வரும்.

"மேடம், ஓடையில தண்ணி இழுக்கும்" என்றாள். "செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்குங்க. அக்கரைக்குப் போகணும். வாங்க."

"ஏய்" என்றார் அண்ணன்.

அவள் திரும்பவில்லை. உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மேடம் ஒரு நிமிஷம் யோசித்து, மிஷினை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தண்ணீர் தொடை வரைக்கும் சில்லென்று ஏறியது. அண்ணன் வரவில்லை. இக்கரையிலேயே பேனாவும் கையுமாக நின்றார்.

அக்கரையில் முதலில் முள். பிறகு ஈரப் புதர். அதற்கப்புறம் ஒரு ஒற்றையடிப் பாதை, ஆள் நடந்து நடந்து வழவழத்துப் போன பாதை. அதைப் பார்த்ததும் அக்காவின் நடை ஒரு கணம் தடுமாறியது. எத்தனை நடை நடந்திருந்தால் இப்படி ஒரு பாதை விழும். சாய்ந்த பாறையைத் தாண்டியதும் காடு சட்டென்று முடிந்துபோனது. சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கிழங்குச் செடி. வரிசைகளுக்கு நடுவே கரிந்த அடிக்கட்டைகள், அகற்ற முடியாமல் அப்படியே விட்டவை.

வரிசைக் கடைசியில் ஒருத்தி குந்தி உட்கார்ந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். புள்ளியின் மனைவி. ஆள் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், அக்காவைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தாள்.

"அக்கா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? எத்தன தடவ இவர்கிட்டச் சொன்னேன், அக்காவக் கூட்டிட்டு வாங்க, கெழங்கு எப்படி வந்திருக்குன்னு அவங்க கண்ணால பாக்கட்டும்னு. அக்காவுக்கு வேலை இருக்குன்னே சொல்லிகிட்டிருந்தாரு."

அக்கா கரிந்த அடிக்கட்டைகளைப் பார்த்தாள்.

"அவருக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்திருக்காரு. நீ போகாத, நீ போகாதன்னாரு. வெயில் அடிக்கிற நாள்ல தோண்டாம விட்டா அழுகிப் போயிராதா, நீங்களே சொல்லுங்க. யாருக்கா இவங்க?"

"அவன் ஆபீஸ்ல இருக்குறவங்க" என்றாள் அக்கா.

"ஐயோ, மேடமா! உக்காருங்க, உக்காருங்க." கட்டை ஒன்றின் மேல் சாக்கை விரித்தாள். மண் கையைப் பின்புறம் துடைத்துக்கொண்டு, மரநிழலில் வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து வந்தாள். "குடிங்க மேடம். ஓடைத் தண்ணி, ஐஸ் மாதிரி இருக்கும்."

மேடம் வாங்கிக் குடித்தார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார். "இது யார் நிலம்மா?"

"எங்களுதுதான். எங்க வீட்டுப் பெரியவர் அனுமதியிலேருந்து பிரிச்சுக் குடுத்தது. தம்பிக்குன்னு அண்ணன் குடுத்த பங்கு. அக்காவுக்குத் தெரியாம ஒண்ணு நடக்குமா, அவங்கதான் குடுக்கச் சொன்னாங்களாம்." அவள் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "நான் அதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தகூட உங்ககிட்டச் சொல்லலக்கா. சொல்லணும்னு எத்தன தடவ நெனச்சேன்."

அதைக் கேட்டபோதுதான் அக்கா கண்ணில் தண்ணீர் வந்தது. இவளையும் ஏமாற்றியிருக்கிறார்கள். அவள் பெயரைச் சொல்லியே ஏமாற்றியிருக்கிறார்கள்.

மேடம் எழுந்தார். மிஷினை நிமிர்த்தி, காட்டுப் பக்கம் ஒரு போட்டோ எடுத்தார். பாறைப் பக்கம் ஒன்று. ஓடைப் பக்கம் ஒன்று. நான்காவதாக வரிசைகளின் பக்கம் திரும்பினார்.

"என்னையும் சேத்து எடுக்கப் போறீங்களா மேடம்?" என்று கேட்டாள் அந்தப் பெண். மேடம் பதில் சொல்வதற்குள் அவள் ஓடிப் போய்க் குவியலிலிருந்து இரண்டு கையிலும் கிழங்கை அள்ளிக்கொண்டு வந்து, கிழங்குகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நிமிர்ந்து நின்றாள். மேடத்தின் விரல் அமுக்காமல் அப்படியே நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார். வேண்டாம் என்று அக்கா ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் அவர் கையை இறக்கியிருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

"கொஞ்சம் இரு" என்றாள் அக்கா.

செடிகளை மிதிக்காமல் வரிசை ஓரமாகவே நடந்து போனாள். ஓரகத்தியின் கன்னத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் உடுப்பு நுனியால் துடைத்தாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பிறகு போட்டோவில் தான் விழாத தூரத்துக்கு விலகி வந்து, மேடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மேடம் எடுத்தார்.

"நல்லா வந்திருக்கா அக்கா?" என்று கேட்டாள் அவள், கிழங்கை இறக்காமலே.

"வந்திருக்குடி" என்றாள் அக்கா.